கோடு போட்டது யார்?

பழைய சினிமாப் படங்களைப் பார்க்கும்போது நீங்கள் கவனித்திருப்பீர்கள். கதாநாயகி நிலா முற்றத்தில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருப்பாள். வானத்தில் மேகத்தின் சாயல்கூட இராது. ஆனாலும் திரையில் மழை கொட்டிக்கொண்டிருக்கும்! மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள் ஓய்வில்லாமல் ஓடும். பின்வரிசையிலிருந்து யாராவது ஒருவர், "குடை எடுத்து வந்திருக்கலாம்" என்று சொல்லிச் சிரிக்க வைப்பார்.

அந்த மழையைப் பெய்விப்பவர் வருண பகவான் அல்ல. ஒரு சின்னஞ்சிறு தூசி. புரொஜக்டருக்குள் பிலிம் ஓடுகிற பாதையில் எங்கேயோ அது ஒட்டிக்கொண்டிருக்கும். அது இருந்த இடத்தை விட்டு நகராது. பிலிம்தான் நகரும். ஓடுகிற பிலிமை அது கீறிக்கொண்டே இருக்கும். ஒரு துணுக்குத் தூசி. ஆயிரம் அடிப் பிலிமிலும் ஒரே கோடு!

இந்தக் கதை இப்போது எதற்கு என்கிறீர்களா? அதே தூசி இன்று நம் வீட்டுக் காகிதங்களிலும் மழை பெய்விக்கிறது. பெண்ணுக்குக் கல்லூரியில் இடம் வேண்டுமா? மார்க் பட்டியலை ஸ்கேன் செய்து அனுப்பு. பாஸ்போர்ட் வேண்டுமா? பென்ஷன் வேண்டுமா? வீட்டுக் கடன் வேண்டுமா? பத்திரத்தை ஸ்கேன் செய்து அனுப்பு. ஜெராக்ஸ் கடைக்குப் போய் அவசர அவசரமாக எடுத்துக்கொண்டு வந்து வீட்டில் பார்த்தால், பக்கத்தின் தலை முதல் கால் வரை நேராக ஒரு கோடு!

"காகிதம் பழசு, அதனால்தான்" என்பார் வீட்டுக்காரர். "மெஷின் டப்பா" என்பான் பிள்ளை. "எல்லாருக்கும் அப்படித்தாம்மா வருது" என்பார் கடைக்காரர். பெரும்பாலான சமயங்களில் மூன்று பேர் சொல்வதும் சரியல்ல. காகிதத்தின் மேல் குற்றமில்லை. மெஷின் மேலும் குற்றமில்லை. அரை நிமிஷம் துடைத்தால் போய்விடக்கூடிய ஒரு பொட்டுத் தூசிதான் குற்றவாளி.

தையல் மெஷின் தத்துவம்

ஒரே ஒரு புள்ளி அளவுள்ள தூசி எப்படி முழ நீளக் கோடாக ஆகிறது? தையல் மெஷின் வைத்திருக்கும் சகோதரிகளுக்கு இதைச் சொல்ல வேண்டியதே இல்லை. ஊசி ஒரே இடத்தில்தான் குத்துகிறது. துணி நகர்வதால் அல்லவா தையல் கோடாகிறது?

ஸ்கேன் செய்யும் மெஷினில் இரண்டு வழிகள் உண்டு. மூடியைத் திறந்து பெரிய கண்ணாடியின் மேல் காகிதத்தைக் கவிழ்த்து வைப்பது ஒன்று. அப்போது காகிதம் அசையாது. விளக்கும் அதனுடன் சேர்ந்த மின்சாரக் கண்களும் கண்ணாடிக்குக் கீழே ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நகர்ந்து செல்லும். இன்னொரு வழி, மேலே உள்ள தட்டில் இருபது முப்பது தாள்களை அடுக்கிவிடுவது. மெஷின் ஒவ்வொரு தாளாக இழுத்துக்கொண்டு மறு பக்கம் துப்பும். அப்போது கண்கள் அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும், காகிதம்தான் ஓடும்.

அப்படி ஓடும் காகிதத்தைக் கண்கள் பார்ப்பது ஓர் ஒடுக்கமான கண்ணாடிப் பட்டையின் வழியாக. பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில், பெரும்பாலும் இடது ஓரத்தில், விரல் அகலத்தில் ஒரு பட்டை இருக்கும். அதன் மேல் ஒரு தூசி உட்கார்ந்துவிட்டால், அதற்கு நேராக உள்ள கண் பக்கம் முழுவதும் அந்தத் தூசியைத்தான் பார்க்கும். தூசி ஊசி, காகிதம் துணி. அவ்வளவுதான்!

பெரிய கண்ணாடியில் அதே தூசி இருந்தால் ஒரு புள்ளி மட்டும் விழும், கோடு விழாது. ஆகவே, கோடு விழுந்த தாளைப் பெரிய கண்ணாடியில் வைத்து மறுபடி எடுத்து, கோடு மறைந்துவிட்டால், துடைக்க வேண்டிய இடம் எது என்று உடனே தெரிந்துவிடும்.

எவ்வளவு பெரிய தூசி வேண்டும் என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். சாதாரணமாக ஆவணங்களை ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் ஸ்கேன் செய்கிறார்கள். ஒரு புள்ளியின் அகலம் 0.085 மில்லிமீட்டர். ஏறக்குறைய நம் தலைமயிரின் கனம்! அந்தக் கணக்கில் ஏ4 தாளின் குறுக்கே 2,480 புள்ளிகளும் நெடுக்கே 3,508 புள்ளிகளும் இருக்கும். மயிரிழை அளவு தூசி ஒரு கண்ணை மறைத்தால் 3,508 புள்ளிகள் கெட்டுப்போகின்றன.

முதலில் ஸ்கேன் ஆன குழந்தை

கம்ப்யூட்டருக்குள் முதன் முதலில் ஸ்கேன் செய்து ஏற்றிய படம் எது தெரியுமா? பத்திரமும் அல்ல, பட்டாவும் அல்ல. ஒரு குழந்தையின் படம்! 1957ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசிய அளவைத் தர நிலையத்தில் வேலை பார்த்த ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர், பிறந்து மூன்று மாதமான தம் மகன் வால்டனின் போட்டோவை அப்படி ஏற்றினார். நெடுக்கே 176 புள்ளி, குறுக்கே 176 புள்ளி. மொத்தம் 30,976 புள்ளிகள். இன்று நம் பெண்ணின் ஒரு பக்க மார்க் பட்டியலில் ஏறக்குறைய 87 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன! புள்ளி பெருகப் பெருகப் படம் தெளிவாகிறது. கூடவே, முன்பு கண்ணுக்குத் தெரியாத தூசியும் படத்தில் இடம் பிடித்துக்கொள்கிறது.

கறுப்பு, வெள்ளை, வர்ணம்

விழும் கோடுகள் எல்லாம் ஒரே ஜாதி அல்ல. நிறத்தைப் பார்த்தே காரணத்தை ஊகிக்கலாம்.

கறுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால், கண்ணாடிப் பட்டையின் மேல் ஏதோ வெளிச்சத்தை மறைக்கிறது என்று அர்த்தம். ஒயிட்னர் துளி, கோந்து, ஸ்டிக்கர் பசை, பேனா மசி, காகிதத் தூள் ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். நம் வீடுகளில் இன்னும் சில உண்டு. முகப் பவுடர், விபூதி, ஊதுவத்திச் சாம்பல்! பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் மெஷினை வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்.

வெள்ளைக் கோடு கொஞ்சம் விசித்திரமானது. இதைப் புரிந்துகொள்ளக் காய்கறிக் கடைத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். எடை போடுவதற்கு முன் கடைக்காரர் வெறுந்தட்டுகளைத் தூக்கிப் பார்த்துச் சமன் செய்கிறார். ஒரு தட்டின் அடியில் புளி ஒட்டிக்கொண்டிருந்தால் மறு தட்டில் ஏதாவது வைத்து ஈடு கட்டுவார். ஸ்கேன் மெஷினும் வேலை தொடங்குமுன் உள்ளே இருக்கும் ஒரு வெள்ளைப் பட்டையைப் பார்த்துத் தன் ஒவ்வொரு கண்ணையும் சமன் செய்துகொள்கிறது. அந்த வெள்ளைப் பட்டையில் தூசி இருந்தால், அதற்கு நேரான கண், "எனக்குப் பார்வை மங்கல்" என்று சொல்லிவிடுகிறது. மெஷினும் அதை நம்பி அந்தக் கண்ணுக்கு மட்டும் அதிக பலம் கொடுத்துவிடுகிறது. பிறகு அந்தக் கண் பார்ப்பதெல்லாம் வெளுத்துப் போகிறது. எழுத்தின் நடுவே வெள்ளைக் கோடு! இந்த வகைக் கோடு, காகிதத்தைப் பெரிய கண்ணாடியில் வைத்து எடுத்தாலும் வரும்.

சிவப்பு, பச்சை, நீலம் என்று வர்ணக் கோடுகளும் விழுவதுண்டு. சில மெஷின்களில் சிவப்பைப் பார்க்க ஒரு வரிசை, பச்சையைப் பார்க்க ஒரு வரிசை, நீலத்தைப் பார்க்க ஒரு வரிசை என்று மூன்று வரிசைக் கண்கள் உண்டு. தூசி ஒரு வரிசையை மட்டும் மறைத்தால் வர்ணம் கெட்டுவிடும். இது நல்ல சகுனம் என்றே சொல்ல வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

குற்றவாளி யார்?

காகிதத்திலேயே மடிப்பும் கோடும் இருக்கலாம் அல்லவா? அதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. கடைக்குப் போனால் இப்படிப் பேசிப் பாருங்கள்.

"தம்பி, இதிலே கோடு விழுந்திருக்கே?"

"காகிதம் பழசும்மா. அப்படித்தான் வரும்."

"அப்படியா? இந்தத் தாளைத் தலைகீழாத் திருப்பிப் போட்டு இன்னொரு தடவை எடு, பார்ப்போம்."

தம்பி எடுப்பார். புதுப் படத்தை நேராகத் திருப்பிப் பாருங்கள். முன்பு எழுத்துக்கு இடது பக்கம் இருந்த கோடு இப்போது வலது பக்கம் தாவியிருந்தால், குற்றம் மெஷினுடையது. அதே எழுத்தின் மேல் அசையாமல் இருந்தால், குற்றம் காகிதத்தினுடையது. சிரமமில்லாத நீதி விசாரணை!

இன்னும் இரண்டு அடையாளங்கள். திரையில் பார்க்கும்போது படம் சுத்தமாக இருந்து, அச்சடித்த தாளில் மட்டும் கோடு இருந்தால், ஸ்கேனைக் குறை சொல்ல வேண்டாம். அச்சிடும் பகுதியில் கோளாறு. இரண்டு பக்கங்களையும் ஒரே இழுப்பில் எடுக்கும் மெஷினில், பின் பக்கங்களில் மட்டும் கோடு விழுந்தால், மூடிக்குள்ளே இருக்கும் இரண்டாவது கண்ணாடியைத் துடைக்க வேண்டும். முதல் கண்ணாடியை எத்தனை தடவை துடைத்தாலும் பிரயோஜனம் இல்லை.

துடைக்கத் தெரியுமா?

"இதென்ன கேள்வி? முகம் பார்க்கும் கண்ணாடியைத் துடைக்கத் தெரியாதவர் உண்டா?" என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். சில ஜாக்கிரதைகள் வேண்டும்.

முதலில் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். நூல் பிரியாத மெல்லிய துணியாக எடுத்துக்கொள்ளுங்கள். மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணி உத்தமம். புதுப் பனியன் துணியும், பழைய டர்க்கித் துண்டும் வேண்டாம். அவை தூசியை எடுப்பதற்குப் பதிலாகப் பஞ்சை விட்டுவிட்டு வரும். துணியைத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்துகொள்ளுங்கள். பசையாக ஒட்டியிருந்தால் மருந்துக் கடையில் கிடைக்கும் ஐஸோப்ரொபைல் ஆல்கஹாலைத் துணியில் சில சொட்டு விட்டுக்கொள்ளலாம். எதுவானாலும் துணியில்தான் விட வேண்டுமே தவிர, கண்ணாடியின் மேல் ஊற்றவோ பீச்சவோ கூடாது. ஓரத்து இடுக்கு வழியாக ஈரம் உள்ளே இறங்கினால் சிறிய கோளாறு பெரிய கோளாறாகிவிடும்.

நகப்பூச்சை அழிக்கும் திரவத்தைக் கிட்டேயே கொண்டு போகாதீர்கள். அதில் பெரும்பாலும் அசிட்டோன் இருக்கும், பிளாஸ்டிக்கை அரித்துவிடும். பாத்திரம் தேய்க்கும் நாரும் பிளேடும் கண்ணாடியைக் கீறிவிடும். தூசியைத் துடைத்து எடுக்கலாம். கீறலை யார் துடைப்பது?

ஒடுக்கமான பட்டையை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நிதானமாகத் துடையுங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரல் நுனிக்குத் தெரியும். காய்ந்த ஒயிட்னர் ஒரு கடுகுப் பொடி போல் தட்டுப்படும். பிறகு மூடியின் அடிப்பக்கத்தில், பட்டைக்கு நேர் மேலே இருக்கும் வெள்ளைப் பகுதியையும் துடையுங்கள். முக்கால்வாசிப் பேர் இதை மறந்துவிடுவார்கள். கடைசியில் உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகு பிளக்கைச் செருகுங்கள். ஒரு வெள்ளைத் தாளை விட்டுப் பாருங்கள். கோடு இல்லையா? காரியம் ஜயம்!

ஒரு விஷயம். பழைய காகிதமே தூசியைப் பெற்றெடுக்கும். ஐம்பது வருஷத்துக் கடிதக் கட்டை மெஷினில் விட்டால், உதிரும் தூள் பட்டையில் விழும். முதல் ஆறு பக்கம் பளிச்சென்று இருக்கும். ஏழாவது பக்கத்திலிருந்து கோடு தொடங்கும். ஆகவே முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தியோடு கிளம்பிவிடாதீர்கள். கடைசிப் பக்கம் வரை பாருங்கள். மடித்தால் ஒடியும் காகிதத்தை இழுக்கும் மெஷினில் விடவே வேண்டாம். பெரிய கண்ணாடியில் வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

விழுந்த கோட்டை எடுக்க முடியுமா?

மறுபடி ஸ்கேன் செய்ய முடிந்தால் அதைவிடச் சிறந்த வைத்தியம் கிடையாது. முடியாவிட்டால்? மூலம் தொலைந்துவிட்டது, அல்லது அசல் வெளியூரில் தம்பியிடம் இருக்கிறது. கையில் கோடு விழுந்த படம் மட்டுமே இருக்கிறது. அதற்கும் உபாயம் உண்டு. கோட்டை எடுக்கும் கம்ப்யூட்டர் கருவிகள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்ப்போம்.

அவை படத்தை நெட்டு வரிசைகளாகப் பிரித்துக்கொள்கின்றன. ஒவ்வொரு வரிசையிலும் மேலிருந்து கீழ் வரை கறுப்பு எவ்வளவு என்று கூட்டிப் பார்க்கின்றன. எழுத்து உள்ள வரிசையில் கறுப்பும் வெளுப்புமாக மாறி மாறி வரும். வரிக்கு வரி இடைவெளி இருக்கும். தூசிக் கோடு விழுந்த வரிசையிலோ, தலை முதல் கால் வரை ஒரே மாதிரி கறுப்பு! வரி இடைவெளியில்கூட விடாது. "பிடித்தேன் திருடனை" என்று கருவி சொல்லிவிடும்.

பிடித்த பிறகு என்ன செய்யும்? புடவையில் சிறு கிழிசல் விழுந்தால் இருபுறத்து இழைகளைப் பார்த்து நாம் இழை ஓட்டுகிறோம் அல்லவா? அதே வேலைதான். கெட்டுப்போன புள்ளிக்கு இடப்பக்கம் என்ன நிறம், வலப்பக்கம் என்ன நிறம் என்று பார்த்து, இரண்டுக்கும் நடுவான நிறத்தை அங்கே வைத்துவிடும். வெற்றிடத்தில் இது அற்புதமாகப் பலிக்கும். தடித்த எழுத்தின் நடுவிலும் பலிக்கும்.

கோடு சாம்பல் நிறமாக இருந்தால் இன்னும் நல்லது. மசி கோட்டைவிடக் கறுப்பாக இருப்பதால், அடியில் உள்ள எழுத்து அழியாமல் இருக்கும். கோட்டின் கருமையை மட்டும் குறைத்தால் போதும். வர்ணக் கோடு நல்ல சகுனம் என்று முன்பு சொன்னேனே, அதன் காரணம் இதுதான்: மூன்று வரிசைக் கண்களில் ஒன்றுதான் மறைந்தது; மற்ற இரண்டும் எழுத்தைச் சரியாகப் பார்த்திருக்கின்றன. கெடாத வர்ணத்தை மட்டும் தனியாகப் பிரித்துக் கறுப்பு வெள்ளைப் படமாக மாற்றினால், ஒரு எழுத்துக்கூடச் சேதமில்லாமல் கிடைத்துவிடும். ஆனால் எழுத்தே தெரியாமல் வெளுத்துப்போன வெள்ளைக் கோட்டில் மீட்பதற்கு ஒன்றுமே இல்லை. அங்கே எந்தக் கருவி எதை வைத்தாலும் அது ஊகம்தான்.

மருந்தே நோயானால்?

இங்கேதான் நாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். கருவிக்குக் கோடு தெரியும், அர்த்தம் தெரியாது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். பத்திரத்தில் சர்வே நம்பர் 48 என்று இருக்கிறது. கறுப்பு வெள்ளையாக மட்டும் எடுத்த ஸ்கேனில் தூசிக் கோடு சரியாக அந்த 48க்கு முன்னால் விழுகிறது. அவசரமாகப் படிப்பவருக்கு 148 ஆகத் தோன்றும். இது கோட்டினால் வரும் ஆபத்து. இதற்கு நேர்மாறும் நடக்கலாம். அசலிலேயே 148 என்று இருந்து, கோடு அந்த 1 மேலேயே விழுந்துவிட்டது. கருவி கோட்டை எடுக்கிறேன் என்று ஒன்றையும் சேர்த்து எடுத்துவிடும். மிஞ்சுவது 48! கோட்டோடு இருந்த படமாவது, "இங்கே ஏதோ இருக்கிறது, கவனி" என்று எச்சரித்தது. சுத்தமான படம் அதைக்கூடச் சொல்லாது. பளிச்சென்று பொய் சொல்லும்.

ஜாதகக் கட்டம் இன்னொரு பலி. தென்னாட்டு ஜாதகம் என்றால் நெட்டுக் கோடும் குறுக்குக் கோடுமான சதுரம்தானே? மளிகைக் கணக்கு நோட்டிலும் நெட்டுக் கோடுகள் உண்டு. கருவியைத் தாராளமாக ஏவிவிட்டால் கட்டத்தின் சுவரையே இடித்துவிடும். குருவும் சனியும் எந்த வீடு என்று தெரியாமல் தெருவில் நிற்பார்கள்!

கோட்டை எடுக்கும் கருவிக்கு ஒரு தங்கை இருக்கிறாள். பொட்டுத் தூசிகளைப் பொறுக்கி எடுப்பவள். தமிழ் எழுதும் நாம் அவளிடம் ரொம்பவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஏனென்றால் நம் மெய்யெழுத்தின் மேல் இருக்கும் புள்ளியும் அவள் கண்ணுக்குத் தூசிதான்! பாட்டி எழுதிவைத்த சமையல் நோட்டில், "பூண்டு 4 பல்" என்று இருக்கும். புள்ளி போனால், "பூண்டு 4 பல". நான்கா, பலவா? அரிசிக் கணக்கில் 2.50 என்று இருந்தது 250 ஆகிவிட்டால், வீட்டில் சண்டைக்குக் கேட்பானேன்?

ஏட்டுச் சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இட மாட்டார்கள். காலுக்கும் ரகரத்துக்கும்கூட வித்தியாசம் தெரியாது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் போன்றவர்கள் அவற்றைப் படித்துப் பொருள் கண்டு அச்சிட எத்தனை பாடுபட்டார்கள் என்பது தமிழ் உலகம் அறிந்தது. அவ்வளவு பாடுபட்டு அச்சுக்கு வந்த புள்ளியை, ஒரு பொத்தானை அழுத்தி நாம் துடைத்துவிடலாமா?

மெஷின் கணக்கைத் தப்பாகச் சொல்லுமா என்று இன்னும் சந்தேகமா? 2013இல் ஜெர்மனியில் டேவிட் கிரீஸல் என்ற கம்ப்யூட்டர் நிபுணர் ஒரு கட்டட வரைபடத்தின் ஸ்கேன் பிரதியில் வேடிக்கை ஒன்றைக் கண்டார். அசலில் மூன்று அறைகளின் பரப்பு 14.13, 21.11, 17.42 என்று வெவ்வேறாக இருந்தது. பிரதியில் மூன்று அறையும் 14.13! ஜெராக்ஸ் கம்பெனியின் சில மாடல் மெஷின்கள், படத்தைச் சுருக்கிச் சேமிப்பதற்காக, ஒன்றுபோல் தோன்றும் சிறு உருவங்களை ஒன்றுக்கு மற்றொன்றாக வைத்துவிட்டன. அங்கே தூசியும் இல்லை, கோடும் இல்லை. எழுத்துகள் பளிங்கு மாதிரி இருந்தன. அதனால்தான் யாரும் சந்தேகப்படவில்லை. கம்பெனியார் பிறகு அதைத் திருத்தும் மென்பொருளை வெளியிட்டார்கள். ஆனாலும் உலகம் ஒரு பாடம் கற்றது. தெளிவாக இருப்பதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும் என்பதில்லை.

இன்றைய டெலிபோன்களில் விரலால் தடவினால் வேண்டாததை மறைத்து, அந்த இடத்தைத் தானே வரைந்து நிரப்பும் வசதி வந்திருக்கிறது. கல்யாணப் போட்டோவில் பின்னால் நிற்கும் குப்பைத் தொட்டியை மறைக்க அது சௌகரியம்தான். பத்திரத்திலும் மார்க் பட்டியலிலும் அதைத் தொடவே கூடாது. அது எழுத்தை மீட்பதில்லை. எழுத்து மாதிரி ஒன்றைக் கற்பனை செய்கிறது.

இரண்டு சாட்சிகள்

அப்படியானால் நம்பிக்கையான வழி எது? தாளைத் தலைகீழாகத் திருப்பி எடுத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அந்த விசாரணையே வைத்தியமும் ஆகும். முதல் படத்தில் கோடு இடது பக்கத்து எழுத்துகளை மறைத்தது. வலது பக்கம் சுத்தம். இரண்டாவது படத்தில் கோடு வலது பக்கம். இடது பக்கம் சுத்தம். முதல் படத்தில் மறைந்த எழுத்தை இரண்டாவது படத்திலிருந்து வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். ஊகம் கிடையாது, கற்பனை கிடையாது. இரண்டு சாட்சிகள் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறோம், அவ்வளவுதான்.

மெஷின் கிடைக்காத ஊரில், ஜன்னல் வெளிச்சத்தில் காகிதத்தைச் சமமாக விரித்துவைத்து டெலிபோனிலேயே படம் எடுத்துக்கொள்ளலாம். அங்கே எதுவும் ஓடாததால் தூசி கோடாகாது. லென்ஸில் கை ரேகை பட்டிருந்தால் படம் மங்கும். புடவைத் தலைப்பால் அவசரமாகத் துடைக்காமல், மூக்குக் கண்ணாடித் துணியால் ஒற்றி எடுங்கள்.

முந்தானையில் முடிய வேண்டியவை

முக்கியமான காகிதங்களை ஸ்கேன் செய்யும்போது, வெறும் கறுப்பு வெள்ளையாக எடுக்கச் சொல்லாதீர்கள். வர்ணத்திலோ சாம்பல் நிறச் சாயல்களோடோ எடுக்கச் சொல்லுங்கள். பிற்பாடு கோட்டைப் பிரித்தெடுக்க அந்தச் சாயல்கள்தான் உதவும்.

எடுத்த படத்தை முதலில் அப்படியே, கோடும் குறையுமாக, ஒரு பிரதி பத்திரப்படுத்துங்கள். சுத்தம் செய்வதெல்லாம் இன்னொரு பிரதியில். முடிந்தால் மூலப் படத்தை டிஃப் அல்லது பிஎன்ஜி வடிவத்தில் வையுங்கள். ஜேபெக் வடிவம் இடத்தை மிச்சம் பிடிப்பதற்காகப் படத்தைக் கொஞ்சம் கசக்கிவிடும். கோட்டின் ஓரத்தில் அழுக்குப் படரும்.

சுத்தம் செய்த பிரதியில் எண்களையும் பெயர்களையும் அசலோடு ஒப்பிட்டு, ஒருவர் வாசிக்க ஒருவர் சரி பாருங்கள். தேதி, தொகை, சர்வே நம்பர், ரிஜிஸ்டர் நம்பர் ஆகிய நான்கையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

சர்க்கார் ஆபீஸுக்கும் பாங்கிக்கும் அனுப்பும் படத்தில் நீங்களாக எதையும் அழிக்கவோ ஒட்டவோ வேண்டாம். எண்ணம் நல்லதாக இருக்கலாம். ஆனால் திருத்திய ஆவணம் என்று யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். அங்கே ஒரே வழி, கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி எடுப்பதுதான். இழை ஓட்டும் வேலையைப் பாட்டியின் சமையல் நோட்டுக்கும் தாத்தாவின் கடிதங்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. "ஸ்கேன் செய்தாயிற்று, இனி இந்தக் குப்பை எதற்கு?" என்று அசல் காகிதங்களைப் பழைய பேப்பர்காரருக்கு எடை போட்டுவிடும் வழக்கம் வீடுகளில் வளர்ந்து வருகிறது. வீடு சுத்தமாக வேண்டியதுதான். ஆனால் போடுவதற்கு முன், படங்களை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு முறை பெரிதாக்கிப் பாருங்கள். கோடு விழுந்திருந்தால், அசல் கையில் இருக்கும்வரை அது அரை நிமிஷத்துச் சங்கடம். அசல் போன பிறகு, மாமியார் எழுதிவைத்த தீபாவளி மருந்தின் அளவில் மறைந்த அந்த ஓர் எழுத்தை யாரிடம் போய்க் கேட்பது?